பன்னிரண்டு மில்லிமீட்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று கடையில் நாற்பத்தொரு அடுக்குமாடி வரைபடங்களை ஸ்கேன் செய்தேன். ஒன்றில்கூட வேலைக்காரர் அறைக்கு ஜன்னல் இல்லை. வரைந்தவர்களுக்கு மூச்சு முட்டவே முட்டாது போல.

சாப்பாட்டு நேரத்தில் பழைய பேப்பர் கடைக்குப் போனேன். "உனக்குன்னே ஒதுக்கி வெச்சேன், ஏதோ கொசு படம் மாதிரி இருக்கு" என்று ஒரு சுருளை நீட்டினார் கடைக்காரர். பிரித்துப் பார்த்தேன். ஊர்சுற்றி. ரப்பர் கயிற்றை முறுக்கிக் கையால் விடுகிற மாதிரி விமானம். அதைச் செய்து விற்ற கம்பெனி அப்பா பிறக்கும் முன்பே மூடியாகிவிட்டது. மாதிரி விமானம் கட்டுகிறவர்களின் குழுவில் இதன் வரைபடம் மூன்றே மூன்று பேரிடம் இருக்கிறது. ஒருவர் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்துப் படமும் போட்டார், நடுவில் தன் பெயரைப் பெரிதாக அடித்துக் கோடுகளை மறைத்துவிட்டு. யாரும் பார்த்துக் கட்டிவிடக் கூடாதாம். அவர் கட்டியதும் இல்லை. சோறு போடாத சட்டியைத் தூக்கிக் காட்டி என்ன பெருமை?

நாளைக்கே ஸ்கேன் செய்து எல்லாருக்கும் போடுகிறேன்.

ஜூன் 4, புதன்

முதலாளி வழக்கம்போல, "மெஷின் சும்மாதானே கிடக்கு, ஓட்டிக்க. தாள் மட்டும் தொடாத" என்றார். மதியம் ஸ்கேன் செய்தேன்.

தாளில் ஈரம் பட்ட கறை. வலது இறக்கை 373 என்று எழுதியிருக்கிறது. இடது இறக்கை 385. அளந்தாலும் அப்படித்தான் வருகிறது. ஒரு இறக்கை பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளமாக எந்த விமானம் இருக்கும்? ஈரத்தில் தாள் இழுத்துக்கொண்டிருக்கும். எண்ணை எழுதியவன் தூங்கி வழிந்திருப்பான்.

இடது இறக்கையை அழித்தேன். வலது இறக்கையைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரட்டி இடது பக்கம் ஒட்டினேன். இந்த வேலையில் எல்லாரும் செய்வதுதான். 385-ஐ 373 ஆக்கினேன். கறையெல்லாம் நீக்கி, மூலையில் 'சுத்தம் செய்தது: பசைக்கை' என்று போட்டேன். குழுவில் என் பெயர் அது.

என் இணையதளத்தில் ஏற்றினேன். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. யாரிடமும் கெஞ்ச வேண்டாம், இனி இது எல்லாருடையதும்.

ஜூன் 7, சனி

நூற்று முப்பது பேர் இறக்கிக்கொண்டார்கள். "நன்றி பசைக்கை சார்." "நீங்க தெய்வம் சார்." ஒருவருக்குக்கூட நான் பெண்ணாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. சொல்லவும் போவதில்லை. சொன்ன மறுநாளே எனக்குப் பசை தடவக் கற்றுக்கொடுக்க வந்துவிடுவார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

என் ஊர்சுற்றி பறந்தது.

கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானம். மாலை நாலு மணி, இலை அசையவில்லை. முந்நூறு முறுக்கு கொடுத்து விட்டேன். தலை உயரத்தில் நேராகப் போனது. இடது பக்கம் சாய்ந்து வளைந்தது. கிடங்கின் சுவர் அருகே போனபோது கண் கூசி அதைத் தவறவிட்டேன்.

அப்புறம் சத்தம் மட்டும். ரப்பர் கயிறு அவிழும்போது வருமே, யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல. அது எனக்குப் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். என் முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில், விமானத்தின் விசிறி.

குனிந்துவிட்டேன். தலைக்கு மேலே போய்ப் புல்லில் மெதுவாக உட்கார்ந்தது.

சிரித்தேன். தனியாக நின்று சிரிப்பது நன்றாக இல்லை என்று நிறுத்தினேன்.

ஜூன் 30, திங்கள்

எனக்கு மட்டும் இல்லை. குழுவில் பதினோரு பேர் கட்டி முடித்திருக்கிறார்கள். பதினோரு பேருக்கும் திரும்பி வருகிறது. "வளர்த்த நாய் மாதிரி வருது சார்." "ஓடிப் போய்ப் பொறுக்க வேண்டாம், நின்ன இடத்துக்கே வருது." 'வீட்டுக்கு வரும் விமானம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இறக்கியவர்கள் முந்நூறைத் தாண்டிவிட்டார்கள்.

வெவ்வேறு ஊர், வெவ்வேறு கை, வெவ்வேறு மரம். எப்படி எல்லாம் ஒரே மாதிரி?

ஜூலை 8, செவ்வாய்

ஒருவருக்குக் காது மடலில் வெட்டு. இன்னொருவருக்கு மேலுதடு. ஒருவர் தன் கன்னத்தைப் படமெடுத்துப் போட்டிருந்தார், விசிறிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி கீறிய கோடு. கீழே சிரிக்கும் முகம் வேறு.

மூன்று பேர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். மூவரும் ஒன்றையேதான் எழுதியிருக்கிறார்கள். கண்ணிலிருந்து மறைந்தது, பின்னால் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தேன்.

திரும்பாமல் நின்றால் முதுகில் பட்டு விழும். காகிதமும் குச்சியும்தானே, ஒன்றும் ஆகாது. ஆனால் பின்னால் மூச்சு சத்தம் கேட்டால் யார் திரும்பாமல் நிற்பார்கள்?

என்னுடையதை ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். படுக்கையிலிருந்து எப்போது பார்த்தாலும் மூக்கு என் பக்கம் இருக்கிறது. மின்விசிறிக் காற்றுதான், தெரியும். இறக்கி அலமாரி மேல் சுவரைப் பார்க்க வைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

சட்டம் போட்டு மாட்டியிருந்தவர் குழுவில் எழுதியிருக்கிறார். அவர் சித்தப்பா சின்ன வயதில் ஊர்சுற்றி வைத்திருந்தாராம், அது வலது பக்கமாக உயர உயரச் சுற்றி ஏறிப் போய்விடுமாம், எப்போதும் தேடித்தான் எடுத்து வருவாராம். "பெயரே அதுக்காகத்தானே வெச்சாங்க" என்று கேட்கிறார்.

சுருளை எடுத்து விரித்தேன். இரண்டு இறக்கைக்கும் வெளியே, தாள் ஓரத்தில் ஒரு கட்டம் அச்சாகியிருக்கிறது. அதை அளந்தேன். இடது பாதியும் வலது பாதியும் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஈரத்தில் தாள் நீண்டிருந்தால் கட்டமும்தானே நீண்டிருக்க வேண்டும்.

தாள் நீளவில்லை. எவனும் தூங்கவில்லை. விசிறி சுற்றும் முறுக்கில் விமானம் இடது பக்கம் சாயும். அதைத் தாங்கத்தான் இடது இறக்கை பன்னிரண்டு மில்லிமீட்டர் கூடுதல். வேண்டுமென்றே. எண்ணையும் எழுதித்தான் வைத்திருக்கிறான் அந்த மனிதன், பெயர் போடக்கூட இடம் கொடுக்கப்படாதவன். நான் அழித்தேன்.

ஜூலை 16, புதன்

மதியம் மறுபடி ஸ்கேன் செய்து சரியான கோப்பை ஏற்றினேன். 385. பழையதை எல்லா இடத்திலிருந்தும் நீக்கினேன். தேதியை மட்டும் ஜூன் 4 என்றே விட்டேன். குழப்பம் வேண்டாம் என்று. இரண்டு தேதி இருந்தால் ஆளாளுக்குக் கேட்பார்கள்.

யாருக்கும் பெரிதாக அடிபடவில்லை. கீறல்கள்தான்.

ஜூலை 24, வியாழன்

ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியிருக்கிறார். இங்கிருந்து ஆறு மணி நேரப் பயணம், அரசுப் பள்ளி, அறிவியல் பாடம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளை வைத்து விமானம் கட்டுகிறார். ஜூன் மாதமே என் வரைபடத்தை இறக்கியிருக்கிறார். ஜூலை 12 அன்று மைதானத்தில் விட்டார்கள். பத்து வயதுப் பெண், அவள்தான் விட்டாள். திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

இடது கண். அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. வெளிச்சம் தெரிகிறதாம். உருவம் தெரியவில்லையாம்.

விமானத்தைப் பள்ளியிலேயே எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எழுதியிருப்பதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"உங்க பிளான்ல தப்பு இல்ல சார். நேத்து மறுபடி இறக்கிப் பார்த்தேன், 385ன்னு தெளிவா இருக்கு. நான்தான் தப்பா அளந்து ரெண்டையும் ஒரே அளவா வெட்டியிருக்கேன். எப்படின்னே தெரியல. என் கைதான் தப்புன்னு பள்ளியில எழுதிக் கொடுத்துட்டேன். மத்தவங்களுக்கு நீங்க கொஞ்சம் சொல்லுங்க, கவனமா அளக்கச் சொல்லுங்க."

அவரைத் தற்காலிகமாக வேலைநீக்கம் செய்து வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் விசாரணை.

ஜூலை 25, வெள்ளி

சாப்பிடவில்லை.

ஜூலை 26, சனி

அப்பா இடது கையால் தோசை பிய்த்துக்கொண்டிருந்தார். பார்க்க முடியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குப் பதினாலு வயது அப்போது. தகடு வெட்டும் அழுத்து இயந்திரத்தில் அப்பாவின் வலது கை மூன்று விரல் போனது. காப்புக் கம்பி கிடையாது அந்த இயந்திரத்தில். ஆறு வருடமாகக் கிடையாது. விசாரணை அன்று கம்பெனி ஒரு வரைபடம் கொண்டுவந்தது. அதில் காப்புக் கம்பி இருந்தது. தேதி, விபத்துக்கு நாலு மாதம் முந்தையது. அப்பா அந்தத் தேதியைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒருவேளை கம்பி இருந்திருக்குமோ, நான்தான் கழற்றியிருப்பேனோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. என் கைதான் தப்பு என்று எழுதிக் கொடுத்தார். மருத்துவமனைக் கட்டு பிரிக்காத கையால்.

அதே மூன்று சொல்.

ஜூலை 27, ஞாயிறு

நான் கம்பெனி இல்லையே. நான் காசு வாங்கவில்லையே. இலவசமாகத்தானே கொடுத்தேன் —

சரி. இலவசமாக ஒரு குழந்தையின் கண்ணை எடுத்தேன்.

சொன்னால் என்ன ஆகும்? போலீஸ் வரலாம். கடை முதலாளி துரத்துவார். குழுவில் காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது. ஒன்றுமே ஆகாது. அந்த மனிதர் சாகும் வரை தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான்.

அலமாரி மேல் இருந்தது இப்போது பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. அப்பா தூசு தட்டியிருப்பார். கேட்கவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

அப்பா வேலைக்குக் கிளம்புமுன் சொன்னேன். வண்டி நிறுத்துமிடத்துக் காவல் சட்டையைப் போட்டு, ஒரு கையால் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தேதியையும்.

கடைசிப் பொத்தான் வரை மாட்டி முடித்தார். அப்புறம், "அந்தத் தேதியை மாத்தி எழுதுனவன் எப்படி இருப்பான்னு இத்தனை வருஷமா யோசிச்சிருக்கேன்" என்றார். "பெரிய மீசை வெச்சிருப்பான்னு நெனச்சேன்."

நான் அழுதேன். அவர் நிறுத்தச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டார்.

"வாத்தியாருக்கு என்ன வயசு?"

"தெரியலப்பா. முப்பது இருக்கும்."

"அவனுக்கு இன்னும் ரொம்ப நாள் இருக்கு" என்றார். "எழுதிடும்மா. எங்கிட்டக் காட்ட வேண்டாம். அனுப்பிட்டு வந்து சொல்லு."

ஜூலை 30, புதன்

ஆசிரியருக்கும் தலைமை ஆசிரியைக்கும் எழுதினேன். என் உண்மைப் பெயரில், முகவரியோடு, தாளின் படத்தோடு. தளத்திலும் அறிவிப்புப் போட்டேன். அப்பாவிடம் அனுப்பிவிட்டேன் என்றேன். "ம்" என்றார்.

ஆகஸ்ட் 6, புதன்

தலைமை ஆசிரியை பதில். தட்டச்சு செய்த நாலு வரி. என் தளத்தில் உள்ள வரைபடம் சரியானதாகவே இருக்கிறது, அதன் தேதி ஜூன் 4 என்று இருக்கிறது. தவறான வரைபடம் ஒன்று இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நான் ஆசிரியருக்கு உறவா அல்லது வேண்டியவரா என்று தெரிவிக்க வேண்டும்.

மூன்று முறை படித்தேன். நான் போட்ட தேதியை அவர்கள் நம்புகிறார்கள். என்னைத்தான் நம்பவில்லை.

பழைய கோப்பை எவ்வளவு சுத்தமாக அழித்தேன். என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. ஆசிரியர் இரண்டாம் முறை இறக்கியபோது புதியது அதன் மேலேயே பதிந்து அவருடைய பழைய கோப்பும் போய்விட்டது. அச்சடித்த தாளின் மேலேயே குச்சிகளை வைத்து ஒட்டியதால் அது கிழிந்து குப்பைக்குப் போனது. நான் எழுதிய கடிதம் ஒரு பொய்க்காரியின் கடிதம் போலவே இருக்கிறது. இருக்கட்டும், பொய்க்காரிதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நானூற்றுப் பன்னிரண்டு பேர் இறக்கியிருக்கிறார்கள். இறக்கும்போது அவர்கள் கொடுத்த மின்னஞ்சலுக்கெல்லாம் எழுதினேன். பறக்கவிடாதீர்கள். விசிறியைக் கழற்றுங்கள். கட்டியவர்கள் இறக்கையை அளந்து, விமானத்தையே எனக்கு அனுப்புங்கள். பழைய கோப்பைக் காட்டினால் நான் இப்போது திருத்தியது என்பார்கள்.

முதல் பதில் அரை மணியில் வந்தது. "சார்னு நெனச்சேன், பொம்பளையா? அதான் அளவு தெரியல." இந்த ஆளுடைய விமானம் ஏன் அவரைத் தேடிப் போகவில்லை? — இப்படி நினைக்கக் கூடாது. நினைத்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஏழு பெட்டிகள் வந்துவிட்டன. ஏழு ஊர். சிவப்பு, மஞ்சள், ஒன்று பள்ளி நோட்டு அட்டையின் படத்தோடு. எல்லாவற்றிலும் இடது இறக்கை 373. ஒரு மில்லிமீட்டர் முன்பின் இல்லை.

வைக்க இடமில்லாமல் கூடத்தில் வரிசையாக வைத்தேன். கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் ஏழு மூக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நான்தான் அப்படி வைத்தேனா? ஞாபகம் இல்லை. அப்பா அவற்றைத் தாண்டிப் போகும்போது சுவரை ஒட்டியே நடக்கிறார். வீட்டில் நாங்கள் மெதுவாகப் பேசுகிறோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ஏழு பெட்டிகளோடு போய் இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு ஆசிரியர் வந்திருந்தார். மெலிந்த ஆள், சட்டைப்பையில் எஃகு அளவுகோல். "பசைக்கை சார் நீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். பெட்டிகளை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஒரு மாசமா நான் தினமும் ஒரு குச்சி வெட்டி அளந்து பார்க்கறேன். ஒண்ணுகூட தப்பா வரல. அப்ப அன்னைக்கு மட்டும் எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு என்னையே பார்த்தா பயமா இருந்துச்சு." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசாரணை ஆய்வுக்கூடத்தில். தலைமை ஆசிரியை, கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், அந்தப் பெண்ணின் அப்பா. அவர் லாரி ஓட்டுகிறவர், உட்காரவே இல்லை. ஏழு விமானங்களையும் மேசையில் வைத்தோம். அலுவலகத்துக்காரர் ஒவ்வொன்றாக அளந்தார். ஏழு பேர் ஏழு ஊரில் ஒரே மாதிரி தப்பாக அளப்பார்களா என்று கேட்டேன். அவர் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். தலைமை ஆசிரியை எழுதிக்கொண்டே இருந்தார்.

லாரிக்காரர்தான் பேசினார். "இந்தப் பேப்பர் பொம்மை கண்ணைக் குத்தும்னு சொல்றீங்க. வாத்தியார் ஏதோ விளையாட்டு காட்டியிருக்காரு. அது தானா வரும்னா, விட்டுக் காட்டுங்க."

மைதானத்துக்குப் போனோம். காலை பதினொரு மணி, விடுமுறை நாள், ஒரு சத்தம் இல்லை. எல்லாரையும் வராந்தாவில் தூண்களுக்குப் பின்னால் நிற்கச் சொன்னேன். ஆசிரியர் ஆய்வுக்கூடத்துக் கண் காப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து, இதைப் போட்டால்தான் விடுவேன் என்று பிடிவாதமாக என் முகத்தில் மாட்டினார். மஞ்சள் விமானத்தை எடுத்து முந்நூறு முறுக்கு கொடுத்து விட்டேன்.

போனது. இடது பக்கம் சாய்ந்தது. வளைந்து என் பார்வையைவிட்டுப் போனது. நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பக் கூடாது என்பது உலகத்தில் என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? முதுகில் படட்டும், அவர்களுக்குப் புரிந்துவிடும் என்றுதான் இருந்தேன்.

பின்னால் அந்த மூச்சு. நெருங்கி வந்தது. யாரோ என்னிடம் ஏதோ சொல்ல வருவது போல.

திரும்பினேன்.

டக் என்று ஒரு சத்தம். நான் விழவில்லை. விமானம் காலடியில் கிடந்தது, விசிறி இன்னும் சுற்றிக்கொண்டு. லாரிக்காரர் நடந்து வந்து என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். இடது பக்கம், நடுவில், கம்பி குத்தின குழி. அதை வானத்துக்கு நேராகப் பிடித்து ரொம்ப நேரம் அதன் வழியாகப் பார்த்தார்.

"அவளும் இப்படித்தான் திரும்பினாளா?" என்று ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் தலையசைத்தார். லாரிக்காரர் கண்ணாடியைத் திருப்பித் தரவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

போலீஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். மறுபடி கூப்பிடுவார்களாம். முதலாளி கடைக்கு வர வேண்டாம் என்றார். நியாயம்தான். அவர் மெஷினில்தானே செய்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆசிரியரை வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வரி எழுதியிருந்தார். அந்தப் பெண் பள்ளிக்கு வருகிறாளாம், வகுப்பில் இடது ஓரம் உட்காருகிறாளாம், அப்போதுதான் எல்லாம் அவளுக்கு வலது பக்கம் இருக்குமாம். விமான வகுப்பு இனிமேல் இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்று மூன்று பேர் இன்னும் பதில் போடவில்லை. அவர்களில் சிலர் வேறு தளங்களில் அதை ஏற்றியிருக்கிறார்கள். 373. மூலையில் 'சுத்தம் செய்தது: பசைக்கை'. எத்தனை பேர் இறக்கினார்கள் என்று அந்தத் தளங்களில் தெரிவதில்லை. தினமும் காலையில் உட்கார்ந்து கிடைத்த முகவரிக்கெல்லாம் எழுதுகிறேன். அப்பா வேலைக்குப் போகுமுன், "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பார்.

இன்று எழுதியதில் ஒன்றுக்கு உடனே பதில் வந்தது.

"லேட்டுங்க. காலைலயே விட்டாச்சு. என் தங்கச்சிதான் விட்டா. போன் பண்றீங்களா?"

கீழே எண் கொடுத்திருக்கிறான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பண்ணப் போகிறேன்.